கட்டணம் விதிக்கும் கை எவருடையது?

(உள்ளூராட்சிச் சபைகள் கட்டணம் வகுக்கும் முறை குறித்து, கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



அரசியலமைப்பைப் பற்றியும் அதிகாரப் பகிர்வைப் பற்றியும் நாம் வாரந்தோறும் பேசுகின்றோம், பேசவும் வேண்டும். ஆயினும், விடியுமுன் கத்தரிக்காய் மூடையைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்படும் கமக்காரனை முதன்முதலில் எதிர்கொள்ளும் அரசாங்கம் எது? சந்தை வாயிலிற் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் நிற்கும் மனிதன்தான் அந்த அரசாங்கம். அவன் கேட்கும் பணத்தை யார் தீர்மானித்தார்? எந்தச் சட்டத்தின்படி தீர்மானித்தார்? எந்தக் கணக்கைப் பார்த்துத் தீர்மானித்தார்? இம்மூன்று வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இவை சில்லறை வினாக்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தன் ஊர்ச் சந்தையின் கட்டணத்தை ஒழுங்காக வகுத்துக்கொள்ளத் தெரியாத மக்கள், மாகாணத்தின் நிதியை எங்களிடம் தாருங்கள் என்று கேட்கும்போது அக்குரலில் வலு இருக்காது.

ஆறு நாள் வேலை அல்லது மூன்று சிலிங்

இந்நாட்டின் வரலாறு இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. 1848 ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி ஒரு வீதிச் சட்டம் கொண்டுவந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும். இயலாதவர் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்பது விதி. அதே காலத்தில் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று வேறும் பல வந்தன. வீதி வேண்டாம் என்று அன்றைய மக்கள் சொல்லவில்லை. தம்மைக் கேளாமலே தம் தலையில் வைத்த சுமை என்றே சினந்தார்கள். மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது, இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, உயிர்கள் போயின. ஈற்றில் டொரிங்டன் பிரபு திருப்பி அழைக்கப்பட்டார். 1871 ஆம் ஆண்டில் கிராம சபைகளுக்கு வழிவகுத்த சட்டமும் பிறந்தது.

உள்ளூர்த் தேவைக்கு உள்ளூரிற் பணம் திரட்டுவதானால் உள்ளூர் மக்களின் சம்மதம் வேண்டும் என்பதே இதன் பாடம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இன்றைய சபைகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

வரி வேறு, கட்டணம் வேறு

நம்மவர் பலர் சபைக்குக் கொடுக்கும் பணம் எல்லாவற்றையும் ‘வரி’ என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர். இதனால் கேள்வி கேட்க வேண்டிய இடத்திற் கேளாமல் விடுகின்றோம். சபைக்குச் செல்லும் பணம் மூன்று வகைப்படும்.

முதலாவது வரி. சோலைவரி என்றும் ஆதனவரி என்றும் நாம் சொல்வது இவ்வகை. விருத்தியடைந்த பகுதியென்று பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களிலுள்ள வீடு, கடை, காணி ஆகியவற்றுக்கு, ஓராண்டில் என்ன வாடகை நியாயமாகக் கிடைக்கும் என்று விலைமதிப்புத் திணைக்களம் மதிப்பிடுகின்றது. அதில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சபை தீர்மானிக்கின்றது. ஆண்டு முழுவதற்குமான பணத்தை ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் கட்டினால் நூற்றுக்கு 10 வீதமும், காலாண்டுத் தொகையை அக்காலாண்டின் முதல் மாதத்திற்குள் கட்டினால் 5 வீதமும் கழிவு உண்டு. வரிக்கு நேரடிக் கைம்மாறு கேட்க முடியாது. அது தெருவிளக்கு, வீதி, வாய்க்கால் முதலிய பொதுத் தேவைகளுக்கு உரியது.

இரண்டாவது உரிமப் பணம். உணவுக் கடை, வெதுப்பகம் போன்ற தொழில்களை நடத்துவதற்குச் சபை கொடுக்கும் அனுமதிக்கான பணம் இது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்வையிட்டுத் தகுதியானதென்று காண்பதற்கும் அனுமதி வழங்குவதற்கும் ஏற்படும் செலவை ஈடுசெய்வதே இதன் நியாயம்.

மூன்றாவது கட்டணம். சந்தையில் இடம், மண்டப வாடகை, மலக்கழிவு அகற்றும் பவுசர் வண்டி, உழவு இயந்திர வாடகை, குடிநீர், மயானம் என்று ஒரு குறித்த சேவைக்கு அதைப் பெறுபவர் கொடுப்பது. இங்கேதான் நாம் கணக்குக் கேட்கும் முழு உரிமையும் உடையவர்கள். சேவையில்லாத கட்டணம் கட்டணமாகாது. அது பெயர் மாற்றிய வரி. மழை பெய்தாற் சேறு, வெயில் அடித்தால் நிழலில்லை, குடிக்கத் தண்ணீரில்லை, பெண்களுக்கு மலசலகூடமில்லை என்ற நிலையிலுள்ள ஒரு சந்தையில் எதற்காகப் பணம் வாங்குகின்றீர்கள் என்று கேட்பது சட்டப்படியும் நியாயப்படியும் சரியான கேள்வியே.

பழைய சட்டம், இன்றைய சபை

இவ்விடத்திற் சபைகளின் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1987 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமப் பணத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்தது. இடத்தின் ஆண்டு மதிப்பைப் பொறுத்து 500 ரூபா, 750 ரூபா, மிகக் கூடியது 1,000 ரூபா. வேறு உரிமம் வேண்டாத தொழில்களுக்கு, முந்திய ஆண்டின் வருமானத்தைப் பார்த்து விதிக்கும் வரியில், 150,000 ரூபாவுக்கு மேல் எவ்வளவு வந்தாலும் கட்ட வேண்டியது 3,000 ரூபா மாத்திரமே என்று அச்சட்டம் எழுதி வைத்தது. அன்று ஆயிரம் ரூபா ஆயிரம் ரூபாவாக இருந்தது. இன்று அதன் பெறுமதி என்னவென்று கடைக்குப் போய் வருகின்ற தாய்மார்களைக் கேளுங்கள்.

சோலைவரியோ மதிப்பீட்டைப் பின்பற்றியது. மறுமதிப்பீடு பிந்தப் பிந்த அவ்வருமானமும் பின்தங்குகின்றது. காணி உறுதிகளின் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தினூடாகவே சபைக்கு வரவேண்டும். அவை வரும் நாளைச் சபை தீர்மானிக்க முடியாது. ஆகவே பணமில்லாத சபை எங்கே கைவைக்கும்? சட்டம் தொகையைக் கட்டிப்போடாத இடத்திலே கைவைக்கும். அந்த இடந்தான் சேவைக் கட்டணமும் சந்தைக் குத்தகையும்.

இதன் விளைவைப் பாருங்கள். விளக்கத்திற்காக ஒரு கணக்குப் போடுவோம். சந்தையில் நாளொன்றுக்கு 50 ரூபா கொடுக்கும் ஒரு மரக்கறி வியாபாரி, ஆண்டில் 300 நாள் வந்தால் 15,000 ரூபா கொடுக்கின்றார். அதே ஊரிற் பல இலட்சம் சம்பாதிக்கும் தனியார் மருத்துவ நிலையமோ தனியார் கல்வி நிலையமோ, அச்சட்ட வரம்பின்படி ஆண்டுக்கு 3,000 ரூபாவுடன் தப்பிவிடும். இங்கே வீற்றிருக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் என்னைப் பொறுத்தருள வேண்டும். குற்றம் உங்களுடையதன்று, சட்டத்தினுடையது. ஆனால் அச்சட்டத்தைத் திருத்துமாறு கேட்க வேண்டிய முதற் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். அக்குறையினால் ஆதாயம் அடைபவன் எழுந்து பேசினால் அதற்குத் தனி மதிப்புண்டு. சுற்றுலாச் சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதிகளுக்கு அதே சட்டம் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் என்ற முறையை வைத்திருந்தது. எனவே வருமானத்துக்கேற்ற அளவு என்ற கொள்கை நம் சட்டத்துக்குப் புதியதன்று.

கட்டணத்தைக் கணக்கிடுவது எப்படி?

‘போன வருடம் இவ்வளவு, இவ்வருடம் நூற்றுக்குப் பத்துக் கூட்டுவோம்’ என்று தீர்மானிப்பது கணக்காகாது, அது வெறும் ஊகம். கட்டணம் வகுக்க ஒழுங்கான வழி உண்டு.

மலக்கழிவு அகற்றும் பவுசர் வண்டியை எடுத்துக்கொள்வோம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏற்படும் செலவு சில: சாரதி, தொழிலாளர் சம்பளம், காப்புறுதி, வண்டியின் தேய்மானம். இவை ஆண்டுக்கு 24 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஏற்படும் எரிபொருளும் பிறவும் 3,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆண்டில் 400 பயணம் போனால் ஒரு பயணத்தின் முழுச் செலவு 9,000 ரூபா. 800 பயணம் போனால் 6,000 ரூபா. 1,200 பயணம் போனால் 5,000 ரூபா. எண்கள் நான் வைத்தவை. உண்மை எண்கள் உங்கள் சபைக் கணக்காளரிடம் உள்ளன. ஆனால் இதிலிருந்து ஒன்று விளங்குகின்றது. வண்டி பழுதாகி மாதக்கணக்கில் நின்றாற் கட்டணம் உயர்வதற்குக் காரணம் மக்களல்லர், நிருவாகமே. நிருவாகத்தின் சோம்பலை மக்களின் கட்டணத்தில் ஏற்றக்கூடாது.

செலவைக் கண்டபின் அடுத்த கேள்வி: அச்செலவு முழுவதையும் சேவை பெறுபவரிடமே வாங்குவதா? இதற்கு ஒரே விடை கிடையாது. மண்டபத்தை வாடகைக்கு எடுத்து விருந்து வைப்பவர் தம் சொந்த நன்மைக்காக எடுக்கின்றார். முழுச் செலவையும் அவர் கொடுப்பதே முறை. ஊர் வரிப்பணத்தில் ஒருவருடைய விருந்துக்குச் சலுகை எதற்கு? ஆனால் மலக்கழிவு வண்டி அப்படிப்பட்டதன்று. நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் அக்கல்லினூடே இறங்கி நிலத்தடி நீராகின்றது. அதுவே நம் கிணற்று நீர். கட்டணம் தாங்கமுடியாததாகி, ஒருவர் தம் குழியைக் காலத்தில் இறைக்காமல் விட்டால், அல்லது இரவோடிரவாக வெளியிற் கொட்டுவித்தால், அந்நீர் அயலவன் கிணற்றுக்கே போய்ச் சேரும். எனவே ஊர் முழுவதற்கும் நன்மை தரும் சேவையிற் செலவின் ஒரு பங்கைப் பொது வரியிலிருந்து ஏற்பது தருமம் மாத்திரமன்று, புத்திசாலித்தனமும் ஆகும்.

கட்டட வரைபட அனுமதி, வீதி எல்லைச் சான்றிதழ் போன்றவற்றுக்கு வேறு எங்கும் போய் வாங்க முடியாது. சபை ஒன்றே கொடுக்கலாம். ஆகவே பார்வையிடும் செலவுக்கு மேல் அங்கே இலாபம் வைப்பது தகாது. இதே நியாயந்தான் சந்தைக்கும். இதனை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சந்தைக் குத்தகை என்னும் புதிர்

சந்தையிற் கட்டணம் அறவிடும் உரிமையை ஆண்டுக்கொருமுறை கேள்விப்பத்திரம் கோரி, கூடிய தொகை கேட்டவருக்குக் குத்தகைக்கு விடுவது நம் சபைகள் பலவற்றின் வழக்கம். சபைக்கு இது வசதியானது. பணம் முன்கூட்டியே வருகின்றது. ஆள் வைக்க வேண்டியதில்லை. தொகை உயர உயர உறுப்பினர்கள் மகிழ்ந்து மேசையைத் தட்டுகின்றார்கள்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சந்தைக்கு நாளொன்றுக்கு 200 விற்பனையாளர் வருகின்றனர் என்று கொள்வோம். சபை நிர்ணயித்த கட்டணம் 50 ரூபா. ஆண்டில் 300 நாள் சந்தை கூடுகின்றது. ஒருவர் விடாமல் அறவிட்டாலும் கிடைக்கக்கூடிய முழுத்தொகை 30 இலட்சம் ரூபா. இந்தச் சந்தைக்கு ஒருவர் 36 இலட்சம் ரூபா கேட்டுக் குத்தகை எடுக்கின்றார். அவர் நாளொன்றுக்கு 12,000 ரூபா திரட்டினாற்றான் முதல் மீளும். அதாவது தலைக்கு 60 ரூபா. தம் ஆட்களின் கூலியும் இலாபமும் அதற்கு மேலே. இந்த மேலதிகப் பணம் வானத்திலிருந்து வராது. கமக்காரனின் மடியிலிருந்தே வரும். சட்டப்படி அறவிடக்கூடியதைவிடக் கூடிய தொகைக்குக் குத்தகையை ஒப்புக்கொண்ட அன்றே, அக்கட்டணப் பலகையைச் சபை தன் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டது. கட்டணம் விதிக்கும் கை அன்றிலிருந்து சபையினுடையதன்று, குத்தகைகாரருடையது.

‘கூடிய தொகைக்கு விடாவிட்டால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பாரே’ என்று உறுப்பினர் சிலர் சொல்லக்கூடும். நியாயமான அச்சந்தான். ஆனால் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே, வரும் விற்பனையாளரின் தொகையை ஒரு மாதம் எண்ணி, கட்டணத்தாற் பெருக்கி, சட்டப்படி கிடைக்கக்கூடிய உச்சத்தைக் கோவையில் எழுதி வையுங்கள். அதனை மீறிய தொகை கேட்பவரிடம், எப்படி அறவிடப் போகின்றீர் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அந்த எழுத்தே கணக்காய்வுக்கு விடை. குத்தகைகாரர் கூடுதலாக ஒரு ரூபா வாங்கினாலும் வைப்புப் பணம் பறிமுதல் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திற் சேர்த்து, அதை ஒருமுறையாவது நிறைவேற்றிக் காட்டுங்கள்.

சபையே தன் ஊழியரைக் கொண்டு நேரடியாக அறவிடலாமே என்பாரும் உளர். செய்யலாம். அதிலும் கசிவு உண்டென்பதை மறைக்கத் தேவையில்லை. இலக்கமிட்ட பற்றுச்சீட்டும், வாரந்தோறும் சீட்டின் எண்ணிக்கையையும் வந்த பணத்தையும் ஒப்பிடும் பழக்கமும் இல்லாவிடின் எந்த முறையும் ஓட்டைப் பானையே.

இத்துடன் ‘கழிவு’ என்ற வழக்கத்தையும் சொல்ல வேண்டும். குடாநாட்டுச் சந்தைகள் பலவற்றில், கமக்காரன் கொண்டுசெல்லும் 100 கிலோ மரக்கறிக்கு 10 கிலோவைக் கழித்து 90 கிலோவுக்கே பணம் கொடுக்கும் முறை குறித்து நெடுங்காலமாக முறைப்பாடு உண்டு. இது சபையின் கட்டணமன்று. எந்த உபவிதியிலும் இதற்கு இடமில்லை. ஆயினும் நிலமும் கட்டடமும் சபையினுடையவை. கடை ஒப்பந்தமும் சபையினுடையது. முழு நிறைக்கும் பணம் கொடாதவருக்கு மறு ஆண்டு கடையில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்குச் சபைக்கு எவர் தடை? வாயிலில் 50 ரூபாவையும் உள்ளே பத்திலொன்றையும் இழக்கும் கமக்காரனுக்குச் சபை கட்டணத்தைப் பத்து ரூபா குறைப்பதைவிட இது பெரிய உதவி.

மக்கள் பிரதிநிதிகள் இல்லாத காலம்

சபை கட்டணத்தைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். உபவிதியானால் மாகாணத்தின் உள்ளூராட்சி அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவர வேண்டும். இதுவே ஒழுங்கு. ஆனால் நம் பகுதியில் நடந்ததென்ன? 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து, ஜூன் மாதம் புதிய சபைகள் தொடங்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். மேலேயுள்ள படியிலோ, கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்தெம்பரிலும், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. எனவே, கட்டணத்தை முன்மொழிந்தவரும் மக்களால் தெரியப்பட்டவரல்லர், அங்கீகரித்தவரும் மக்களால் தெரியப்பட்டவரல்லர் என்ற நிலை இரண்டாண்டு நிலவியது.

அவ்வுத்தியோகத்தர்களை நான் குறைகூறவில்லை. பலர் நேர்மையாக உழைத்தார்கள். ஆனால் தேர்தல் வாக்குக்கு அஞ்ச வேண்டியவன் கட்டணத்தைக் கூட்டுமுன் ஒருமுறை யோசிப்பான்; அந்த அச்சமே மக்களின் காவல். 2025 ஜூனுடன் யாழ்ப்பாண மாவட்டத்தின் 17 சபைகளுக்கும் நம்மாற் தெரியப்பட்டவர்கள் வந்தார்கள். ஆகவே முந்திய காலத்து விகிதங்களைத் திரும்பவும் கணக்குப் பார்க்காமல் அப்படியே தொடர்வதற்குச் சாட்டு எதுவும் இல்லை. கொழும்பு நம் அதிகாரத்தைப் பறித்துவிட்டது என்று மேடையில் முழங்கும் கை, சந்தைக் கட்டணத்தைக் குத்தகைகாரரிடம் தானாகவே ஒப்படைத்துவிடலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

கட்டணம் பற்றி நாம் சினப்பது பெரும்பாலும் ஜனவரியில், பற்றுச்சீட்டு கைக்கு வந்தபின். அது காலம் கடந்த சினம். அடுத்த ஆண்டின் வரவுசெலவுத்திட்டத்தைச் சபை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றுகின்றது. வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்கள் உண்டு. அந்நாட்களிற் சபை அலுவலகத்தில் எத்தனை பேரைக் காண்கின்றோம்? ஆகவே நான் வேண்டுவது நான்கு.

ஒன்று: ஒவ்வொரு கமக்கார அமைப்பும் ஒக்டோபர் மாதத்திலேயே சபைக்கு எழுத்தில் தன் கருத்தைக் கொடுக்க வேண்டும். வாயாற் சொன்னது காற்றோடு போகும்.

இரண்டு: படித்த உத்தியோகத்தரும் ஓய்வுபெற்ற கணக்காளரும் அவர்களுக்குத் துணைநின்று, ஒவ்வொரு கட்டணத்துக்கும் செலவுக் கணக்கைக் கேட்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர். குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியையே முதலிற் கேளுங்கள்.

மூன்று: சந்தை வாயிலிற் கட்டணப் பலகை, பெரிய எழுத்தில், தமிழில், வர்த்தமானித் திகதியுடன் இருக்க வேண்டும். பலகையில்லாத இடத்தில் எவரும் பற்றுச்சீட்டின்றிப் பணம் கொடுக்கக் கூடாது.

நான்கு: 1987 ஆம் ஆண்டு வரம்புகளைத் திருத்துமாறு சபைகள் ஒன்றுகூடித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வசதியுள்ளவன் தன் பங்கைக் கொடுத்தால், கத்தரிக்காய் மூடையின் மேற் கைவைக்கும் தேவை சபைக்குக் குறையும்.

ஒன்றை மறவாதீர்கள். கட்டணமே வேண்டாம் என்பது என் கட்சியன்று. சுத்தமான சந்தை, ஓடும் வண்டி, எரியும் தெருவிளக்கு யாவும் பணத்தினாலே நடப்பவை. கொடுக்க மறுப்பவன் ஊராட்சியைக் கேட்கும் தகுதியையும் இழக்கின்றான். ஆனால் கொடுப்பவன் கணக்குக் கேட்பான். கேட்டவனுக்குச் சபை கணக்குக் காட்டும். இந்த இரண்டு பழக்கமும் நம் கிராமங்களில் வேரூன்றுமானால், சுயாட்சிக்கு நாம் தகுதியுடையோமா என்று எவரும் நம்மைக் கேட்கமாட்டார். வரும் ஒக்டோபரில் உங்கள் சபை வாயிலில் உங்களைக் காண்பேன் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகின்றேன்.